மருந்துக்கு முன் தண்ணீர்: கைவிடப்பட்ட மீனைக் காப்பாற்றும் வழி

வீட்டைக் காலி செய்கிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகும் மீன் தொட்டி. பல நாள் பூட்டிக் கிடந்த அலுவலகத்தில் பாசி பிடித்து நிற்கும் தொட்டி. பிறந்தநாள் பரிசாக வந்து, பிள்ளையின் ஆர்வம் தீர்ந்ததும் பிரிட்ஜின் மேல் ஏறிவிட்ட கண்ணாடிக் கிண்ணம். இவற்றில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் மீன் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். அல்லது துடுப்புகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் அடிமட்டத்தில் கிடக்கும்.

பசித்த நாய் வாசலில் நின்று குரைக்கும். பூனை காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். மீனால் அதெல்லாம் முடியாது. அதனால் வீட்டுப் பிராணிகளில் கடைசியாகக் கவனிக்கப்படுவது மீன்தான். பல வீடுகளில் அது செத்து மிதக்கும்போதுதான் அதற்கு நோய் இருந்ததே தெரியவருகிறது.

இப்படி ஒரு மீனைப் பார்த்து மனம் பொறுக்காமல் உதவ வருகிறவர் வழக்கமாக என்ன செய்வார்? இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விடுவார். இல்லையென்றால் கடையில் கேட்டு நீல மருந்தை வாங்கி ஊற்றுவார். இரண்டுமே நல்ல மனதோடு செய்யப்படுபவை. இரண்டுமே மீனைக் கொன்றுவிடக்கூடியவை. சீர்கெட்ட தொட்டியில் வாழும் மீனுக்கு முதல் வைத்தியம் தண்ணீருக்குச் செய்வது. அதையும் அவசரமில்லாமல், நாள்கணக்கில் செய்ய வேண்டும். ஏன், எப்படி என்று பார்ப்போம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஏரியில் அது கரைந்து போய்விடும். தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. மீன் தின்னாமல் விட்டு அடியில் அழுகும் தீவனமும் அம்மோனியாவாகவே மாறுகிறது. அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். புண்ணான செவுளால் ஆக்சிஜனை இழுக்க முடியாது. மேல்மட்டத்தில் மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

இதைச் சமாளிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. பில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும், ரத்தமே பழுப்பு நிறமாகும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக் கூட்டம் புதிய தொட்டியில் முழுமையாக வளர 4 முதல் 6 வாரம் ஆகிறது. சோப்புப் போட்டுக் கழுவும்போது நாம் அழிப்பது இந்தக் கூட்டத்தைத்தான்.

ஒரேயடியாக மாற்றினால் ஏன் சாகிறது?

நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பாக்டீரியாவின் வேலையால் அமிலம் சேர்ந்துகொண்டே வரும். தண்ணீரில் இருந்த கார்பனேட் உப்புகள் அந்த அமிலத்தைச் சமன்செய்து சமன்செய்து ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். அப்போது பிஎச் அளவு சரசரவென்று இறங்கி 6-க்கும் கீழே போய்விடும். அந்த அமிலத் தண்ணீரில் பாக்டீரியாவும் சோர்ந்துவிடுவதால் அம்மோனியா சேரத் தொடங்கும்.

அவ்வளவு அம்மோனியாவிலும் மீன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பிஎச் ஓர் எண் ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம்.

இப்போது முக்கால் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, பிஎச் 7.5 அல்லது 8 உள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி சட்டென்று நச்சு அம்மோனியாவாக மாறும். கூடவே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவும் சட்டென்று மாறுவதால் மீனின் உடல் நிலைகுலையும். "தண்ணீர் மாற்றினேன், மறுநாளே எல்லாம் செத்துவிட்டது" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான், இல்லையென்றால் குளோரின்.

முதல் பத்து நாள்

2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஒன்று உங்கள் பொறுப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கல், மண் போக அதில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்தக் கணக்கு முக்கியம். உப்பு போட்டாலும் மருந்து போட்டாலும் லிட்டர் தெரியாமல் அளவு தெரியாது. நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

1. முதலில் காற்று. வேறு எதுவும் செய்யும் முன் ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போடுங்கள். வெயில் காலத்தில் இது இன்னும் அவசியம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

2. தீவனத்தை நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாள் பட்டினி வளர்ந்த மீனுக்கு ஒன்றும் செய்யாது. நோயுற்ற மீன் தின்னாமல் விடும் தீவனம் தண்ணீரை மேலும் கெடுக்கும். மூன்றாம் நாளிலிருந்து, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள்.

3. அளந்து பாருங்கள். மீன் கடைகளில் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கிடைக்கிறது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொல்லியபடி சொட்டுகள் விட்டு நிறம் பார்க்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரின் பிஎச், ஊற்றப்போகும் தண்ணீரின் பிஎச் இரண்டையும் பாருங்கள்.

4. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பிஎச் வித்தியாசம் பெரிதாக இருந்தால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 லிட்டர். டியூபை அடிவரை விட்டு, தேங்கிய அழுக்கோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பத்து நாளில் பழைய தண்ணீரின் பெரும்பகுதி மாறிவிடும், மீனும் பழகிக்கொள்ளும். இரண்டு தண்ணீரின் பிஎச்சும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் அம்மோனியா மிகுதி என்றால், பாதித் தண்ணீர் வரை அன்றே மாற்றலாம். புதிதாகப் போட்ட தொட்டியில் மீன் திணறும்போது செய்ய வேண்டியது இதுதான்.

5. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதில் இரண்டு முறை பிழியுங்கள். பழுப்பாகச் சேறு வரும். சேறு போனால் போதும், ஸ்பாஞ்ச் பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. அந்தப் பழுப்பில்தான் பாக்டீரியா இருக்கிறது.

6. விளக்கை அணைத்துவையுங்கள். மறைந்துகொள்ள ஒரு மண்சட்டித் துண்டோ இலைச் செடியோ போடுங்கள். தொட்டியைத் தட்டிப் பார்க்க வருகிறவர்களைத் தள்ளிவையுங்கள்.

மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அது இருந்த தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்து, மெல்லிய ஏர் டியூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, புதுத் தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகட்டும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், வாளித் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். 3, 4 வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி வாளி என்று வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்?

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கும் பில்டர் பாக்டீரியாவுக்கும் ஆகாது. அகன்ற டப்பில் பிடித்து ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் உதவும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கலாம். அதையும் ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்தே ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. மீனுக்கு வேண்டிய தாது உப்புகளும், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் அதில் இல்லை.

நோயைக் கண்டுபிடிப்பது

தண்ணீர் சீரானதும் பல மீன்கள் மருந்தில்லாமலே தெளிந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். தெளியாதவற்றுக்குத்தான் நோய் பார்க்க வேண்டும்.

அடிக்கடி வருவது வெண்புள்ளி நோய். உடம்பிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும், மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். இக்தியோப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை இது. புள்ளியாகத் தெரியும் காலத்தில் அது மீனின் தோலுக்கு அடியில் பாதுகாப்பாக இருக்கிறது, மருந்து அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளக்கும். அவை மீனைத் தேடி நீந்தும்போதுதான் உப்பாலும் மருந்தாலும் கொல்ல முடியும். புள்ளிகள் மறைந்ததும் "குணமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துகிறவர்களின் தொட்டியில் அடுத்த வாரமே இரண்டு மடங்காகத் திரும்பி வருவது இதனால்தான். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். தண்ணீரின் வெப்பத்தை மெதுவாக 29, 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் சுற்று விரைவாக முடியும். அப்போது காற்றைக் கூட்ட மறக்காதீர்கள்.

துடுப்பும் வாலும் ஓரத்தில் வெளுத்து, கிழிந்து தேய்ந்துகொண்டே வந்தால் அது துடுப்பு அழுகல். பாக்டீரியா காரணம், ஆனால் அதற்கு வழிவிட்டது அழுக்குத் தண்ணீர். ஆரம்பத்திலேயே கவனித்தால் நல்ல தண்ணீரிலேயே துடுப்பு மறுபடி வளரும். வயிறு உப்பிக் கவிழ்ந்து நீந்தும் கோல்டு பிஷ்ஷுக்குப் பெரும்பாலும் தீவன மிகுதியும் மலச்சிக்கலும் காரணம். இரண்டு நாள் பட்டினி போட்டு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைக் கசக்கிக் கொடுத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் வீங்கிச் செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டுப்போயிருக்கின்றன என்று பொருள். அதிலிருந்து மீள்வது அரிது.

கல் உப்பு நல்ல முதலுதவி. லிட்டருக்கு 1 கிராம் என்றால் நமது தொட்டிக்கு 50 கிராம். தனியாகக் கரைத்து, அன்றைக்குள் மூன்று தவணையாக ஊற்றுங்கள். செவுளின் சுமை குறையும், நைட்ரைட் உள்ளே போவதும் தடைபடும். உப்பு ஆவியாவதில்லை. ஆகவே வற்றியதற்கு ஊற்றும் தண்ணீரில் மறுபடி உப்புச் சேர்க்கக் கூடாது, மாற்றிய தண்ணீருக்கு மட்டும் சேர்க்க வேண்டும். கெளுத்தி இன மீன்களுக்கும் நீர்ச்செடிகளுக்கும் உப்பு அவ்வளவாக ஆகாது.

நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு நல்லதுதான், ஆனால் பில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். தனி டப்பில் வைத்துப் போட வேண்டுமே தவிர, பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது. மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அளவும் தெரியாது, நோயும் தெரியாது, மருந்துக்குப் பணியாத கிருமிகள் வளர்வதுதான் மிச்சம். கால்நடை மருத்துவர்களில் மீன் பார்ப்பவர்கள் குறைவு. நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் மீன் நோய் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டியில் கை விடாதீர்கள். மீனிடமிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றி, மாதக்கணக்கில் ஆறாத புண் உண்டாக்கும் ஒரு மைக்கோபாக்டீரியா இருக்கிறது.

சில மீன்களைக் காப்பாற்ற முடியாது. தின்னாமல், நிமிர முடியாமல் நாள்கணக்கில் தவிக்கும் மீனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவதும், தரையில் போட்டுச் சாகவிடுவதும் கொடுமை. மயக்க மருந்தை மிகுதியாகக் கொடுத்து வலியில்லாமல் முடிக்கும் முறை உண்டு. மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பிழைத்த மீனுக்கு வீடு

ஃபைட்டர் மீனைச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். மேலே வந்து நேரடியாகக் காற்றை உறிஞ்சும் உறுப்பு அதற்கு இருப்பதால் பாட்டிலில் உடனே சாகாது, அவ்வளவுதான். தாய்லாந்து 2019-இல் தன் தேசிய நீர்வாழ் உயிரியாக அறிவித்த மீன் அது. அதற்கு 15, 20 லிட்டர் தண்ணீர், மெதுவான பில்டர், ஒளிந்துகொள்ளச் செடி வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் ஹீட்டரும் வேண்டும்.

கோல்டு பிஷ் கிண்ணத்துக்கான மீனே அல்ல. நீள உடல் கொண்ட சாதாரண வகை ஓரடி வரை வளரக்கூடியது. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாக வந்த டிஷ் என்ற கோல்டு பிஷ் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. ஒரு மாதத்தில் செத்துப்போவதுதான் இயல்பு என்று நாம் நம்புவது, நாம் கொடுத்த கிண்ணத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை.

செய்யக் கூடாத இரண்டு

கடையில் நோயுற்ற மீனைப் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். சென்னையில் கொளத்தூர் அலங்கார மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற இடம், அங்கும் பிற ஊர்களிலும் அக்கறையோடு வளர்ப்பவர்கள் பலர் உண்டு. மோசமாக வைத்திருக்கும் கடையில் நீங்கள் காசு கொடுத்து மீட்ட மீனின் இடத்துக்கு நாளையே இன்னொன்று வரும். கடைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். நல்ல கடைக்கு உங்கள் பணத்தைக் கொடுங்கள்.

வளர்க்க முடியாத மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் தென் அமெரிக்க மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. முள்ளும் கடின ஓடும் கொண்ட அது மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, தின்னவும் ஆளில்லை. விடுதலை கொடுத்ததாக நாம் நினைப்பது அந்த ஏரியின் மீன்களுக்குச் செய்யும் கெடுதல்.

மற்றப் பிராணிகள்

அவசரம் கொல்லும் என்பது மீனுக்கு மட்டுமான பாடம் அல்ல. பல நாள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமான நாய்க்கு வயிறு நிறையச் சோறு போட்டால், ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல வேளையாகக் கொடுத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். முயல் அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து. பிஸ்கட்டும் கேரட்டும் அல்ல, பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் அதன் உணவு.

சிலர் வீட்டில் வளர்க்கும், கன்னத்தில் சிவப்புக் கோடுள்ள சிறிய பச்சை ஆமை வட அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் ஓடு மெத்தென்று ஆகியிருந்தால் வெயிலும் கால்சியமும் கிடைக்கவில்லை என்று பொருள். ஏறி நிற்கக் காய்ந்த இடமும், கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் படும் காலை வெயிலும், ஒதுங்க நிழலும் வேண்டும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆமையிடமிருந்து சால்மோனெல்லா தொற்றும்.

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்து வளர்ப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நாய், பூனைகளுக்குச் சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் தராமல் விடுவதும், அதை நிர்க்கதியாகக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்பது மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும். மீனும் அதில் அடக்கம்.

ஒரு தொட்டியைப் பொறுப்பேற்கும் முன் உங்களிடம் இடமும் பல ஆண்டுகளுக்கான பொறுமையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்து நாள் பார்த்துத் தேற்றி, நல்ல தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். கொடுக்கும்போது மீனோடு பழைய ஸ்பாஞ்சையும் நனைந்தபடியே கொடுத்து, என்ன மீன், என்ன தீவனம், எவ்வளவு உப்புப் போட்டீர்கள், கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வளர்ப்பவர் அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.